யாருக்கு விடுதலை? – ஆலிஸ் வாங்கை முன்வைத்து

1

என் சித்தி மகன் இறந்தபோது அவனுக்கு 22 வயது. தசைச்சிதைவு நோய். பிறக்கும்போதே மரபணுவில் கூட வந்தது. நான்கு வயதில் மாடிப்படி ஏறத் திணறினான். பத்து வயதில் சக்கர நாற்காலி. கடைசி மூன்று வருடங்கள் கட்டில், ஜன்னல், டிவி. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சித்தியிடம் சொன்னார்கள். "ரொம்பக் கஷ்டப்படாம போய்ச் சேந்துட்டான். அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை."

நானும் அதையே சொன்னேன். என்ன பேசுவதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன் என்று இப்போது சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் உண்மை அது இல்லை. அன்றைக்கு நான் அதை முழுசாக நம்பித்தான் சொன்னேன். சித்தி யாருக்கும் பதில் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

சில வருடங்கள் கழித்து 'டிஸெபிலிட்டி விசிபிலிட்டி' என்ற ஆங்கிலத் தொகுப்பைப் படித்தேன். உடல் குறைபாடுகளோடு வாழும் 37 பேர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய நூல். தொகுத்தவர் ஆலிஸ் வாங். படிக்கப் படிக்க எனக்கு அந்தத் துக்க வீடுதான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. 2025 நவம்பர் 14 அன்று ஆலிஸ் சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார் என்ற செய்தி வந்ததும் மறுபடி எடுத்துப் படித்தேன். எழுத்தாளர், தொகுப்பாசிரியர், பதிப்பாளர். பிறவி நோயோடு 51 வருடங்கள் வாழ்ந்தவர். அவருடைய இரங்கல் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. 'விடுதலை' என்ற சொல்லை யாராவது அவர் மேல் போட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? நிச்சயம் சித்தியைப் போல் சும்மா இருந்திருக்க மாட்டார். அவர் வாயாடி. கெட்ட வார்த்தைக்கும் பஞ்சமில்லை.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதும்தான்.

2

ஆலிஸ் வாங் 1974 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில், இண்டியானாபொலிஸ் நகரத்தின் புறநகர்ப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஹாங்காங்கிலிருந்து குடியேறியவர்கள். மூன்று பெண்களில் இவர்தான் மூத்தவர். சின்ன வயதிலேயே தசைச்சிதைவு நோய் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த நோய் ஒரே நாளில் எதையும் பறிப்பதில்லை. தவணை முறையில் எடுத்துக்கொள்ளும். முதலில் கால், பிறகு கை, முதுகு, கடைசியில் மூச்சை இழுக்கும் தசை. ஆலிஸ் ஏழெட்டு வயதில் நடப்பதை நிறுத்தினார். 18 வயதைத் தாண்டமாட்டாள் என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் சொல்லியிருந்தார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கதை தொடங்கும். 'விதியை வென்ற வீரப் பெண்', 'தன்னம்பிக்கையின் மறுபெயர்' என்ற மாதிரி. நம் ஊர் ஞாயிறு மலர்கள் வாராவாரம் எழுதும் கதைதான். ஆலிஸுக்கு இந்தக் கதை மேல் கொஞ்சம்கூட மரியாதை கிடையாது. தான் எப்படி உயிரோடு இருக்கிறேன் என்று அவரே எழுதியதைப் படித்தால் அதில் மன உறுதி பெரிதாக வராது. அரசுத் திட்டங்களின் பெயர், உதவியாளர்களின் சம்பளம், இயந்திரம், அப்பா அம்மா, நண்பர்கள் என்று ரசீதுப் புத்தகம் மாதிரிப் பட்டியல்தான் வரும்.

ஒரு உதாரணம். 2017இல் மெடிக்கெய்ட் திட்டத்துக்கான நிதியைக் குறைக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தபோது ஆலிஸ் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீடு. இளம் வயதில் இவர் வீட்டை விட்டுத் தள்ளி ஒரு கல்லூரியில் சேர்ந்தார். குளிப்பாட்ட, உடுத்திவிட, கட்டிலில் ஏற்றி இறக்க உதவியாளர்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசு தந்த உதவி வெட்டப்பட்டது. கல்லூரியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டிலிருந்தபடியே இண்டியானாபொலிஸில் ஆங்கிலமும் சமூகவியலும் படித்து 1997இல் பட்டம் வாங்கினார். பிறகு சான் பிரான்சிஸ்கோ போனார். கலிஃபோர்னியாவில், வீட்டிலேயே உதவியாளர்களை வைத்துக்கொள்ள அரசு பணம் தரும் திட்டம் இருந்தது. அங்கே மருத்துவச் சமூகவியலில் முதுகலை முடித்தார், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணியாளராகப் பத்து வருடங்களுக்கு மேல் வேலை செய்தார்.

ஒரே உடம்பு, ஒரே நோய், ஒரே மனசு. ஒரு மாகாணத்தில் படிப்பு நின்றது, இன்னொரு மாகாணத்தில் வாழ்க்கை தொடங்கியது. இடையில் மாறியது அவருடைய தன்னம்பிக்கையா, உதவியாளருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற விதியா?

3

ஆலிஸ் தொகுத்த அந்த நூலின் முதல் கட்டுரை ஹேரியட் மெக்பிரைட் ஜான்சன் எழுதியது. அவரும் பிறவியிலேயே நரம்புத்தசை நோய் உள்ளவர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் வழக்கறிஞர். 2008இல், 50 வயதில் இறந்துவிட்டார். கட்டுரை முதலில் 2003 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் வந்தது. பீட்டர் சிங்கர் என்ற தத்துவவாதியோடு அவர் நடத்திய உரையாடலைப் பற்றியது.

சிங்கரை முட்டாள் என்றோ கொடூரர் என்றோ தள்ளிவிட முடியாது. விலங்குகளின் வலியைப் பற்றி உலகத்தை யோசிக்க வைத்தவர், ஏழை நாடுகளுக்கு உதவுவது கடமை என்று வாதிட்டவர். அதே சிங்கர்தான், கடுமையான குறைபாட்டோடு பிறக்கும் குழந்தையின் உயிரை முடிக்கும் தேர்வு சில சூழல்களில் பெற்றோருக்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அவருடைய கணக்கு இது: ஒரு செயலால் உலகத்தில் துன்பம் குறைகிறதா, கூடுகிறதா? குறைபாடுள்ள குழந்தை மற்றவர்களைவிட மோசமான வாழ்க்கையைத்தான் வாழப்போகிறது. அப்படியானால்...

அந்த 'மோசமான வாழ்க்கை' என்ற இடத்தில்தான் ஜான்சன் கையை வைக்கிறார். எந்த அளவுகோலில் மோசம்? என் வாழ்க்கை உங்கள் வாழ்க்கையைவிட மோசம் என்று எனக்குத் தெரியாதே, உங்களுக்கு எப்படித் தெரிந்தது? குறைபாடு இருப்பதும் இல்லாததும் ஒருத்தர் வாழ்க்கை நன்றாக இருக்குமா என்பதைச் சொல்லிவிடாது என்பது அவர் வாதம். 2002இல் சிங்கரின் அழைப்பை ஏற்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே போய்ப் பேசினார். 'உன்னைக் கொன்றிருக்கலாம் என்று சொல்கிறவனோடு உட்கார்ந்து பேசுவதா?' என்று அவருடைய சொந்த இயக்கத்திலேயே எதிர்ப்பு இருந்தது. அந்தச் சங்கடத்தையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார்.

அந்தப் பயணத்தில் ஒரு இரவு விருந்து. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜான்சனின் முழங்கை சறுக்கிவிடுகிறது. அவரால் தானாகச் சரிசெய்ய முடியாது. பக்கத்தில் இருப்பது சிங்கர். மணிக்கட்டைப் பிடித்து, தூக்காமல், ஒரு அங்குலம் முன்னால் இழுக்கச் சொல்கிறார். சிங்கர் அப்படியே செய்கிறார். அவ்வளவுதான். விருந்து தொடர்கிறது.

அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். என் தம்பியும் அப்படித்தான் பேசுவான். விடுமுறைக்குப் போனால் அவன் அறையில்தான் எனக்குப் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைத் திருப்பிப் படுக்க வைக்கணும். "அண்ணே, இடது கால் மட்டும். முட்டிக்குக் கீழ பிடிங்க. இன்னும் கொஞ்சம். ம்ம், போதும்." அரைத் தூக்கத்திலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்வான். அன்றைக்கு எனக்கு அது பரிதாபமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், தன் உடம்பை அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருந்த வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. உதவி கேட்பதை அவன் ஒரு வேலையாகக் கற்றிருந்தான். கூச்சப்பட்டவன் நான்தான்.

முழங்கை நகர்ந்ததால் சிங்கரின் தத்துவம் தோற்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஜான்சன் இறந்த பிறகு அவரைப் பற்றி அதே இதழில் மரியாதையோடு ஒரு குறிப்பு எழுதினார். எனக்குப் பட்டது வேறு. 'இந்த வாழ்க்கை வாழத் தகுந்ததா?' என்ற கேள்வியைத் தூரத்திலிருந்து கேட்டால் ஒரு பதில் வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டால் அந்தக் கேள்வியே வாயில் வர மறுக்கிறது.

சமூக அறிவியலில் இதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது: குறைபாட்டின் முரண். கேரி ஆல்பிரெக்ட், பேட்ரிக் டெவ்லீகர் என்ற இருவர் 1999இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான, நீடித்த குறைபாடு உள்ளவர்களிடம் பேசியபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நம்பவே முடியாத பதில்.

'பழகிட்டாங்க, அதான் அப்படிச் சொல்றாங்க' என்று ஒரு மறுப்பு உண்டு. சரி, பழகிவிட்டார்கள். யார்தான் பழகவில்லை? சென்னையின் மே மாதத்துக்கு, இரவுப் பணிக்கு, பேசாத அப்பாவுக்கு, நாற்பது வயதில் வரும் மூட்டு வலிக்கு என்று நாம் எல்லோரும் பழகித்தான் வாழ்கிறோம். நம் பழக்கத்துக்கு வாழ்க்கை என்று பெயர் வைக்கிறோம். அவர்கள் பழகினால் மட்டும் அதற்குப் பெயர் ஏமாற்றமா?

4

இதெல்லாம் தத்துவ வகுப்பு விவாதம் மாதிரித் தெரியலாம். 2020இல் அது வகுப்பறையை விட்டு வெளியே வந்தது.

கோவிட் தொடங்கிய மாதங்களில் அமெரிக்க மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் போதாது என்ற பயம் வந்தது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று ஒவ்வொரு மாகாணமும் தன் பழைய விதிமுறைகளைத் தூசு தட்டியது. அலபாமா மாகாணத்தின் ஆவணம், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வென்டிலேட்டர் ஆதரவு தர வாய்ப்பில்லை என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. புகார் போன பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். நியூயார்க் மாகாணத்தின் 2015 வழிகாட்டுதலில் இன்னொரு விஷயம். வீட்டில் சொந்த வென்டிலேட்டரோடு வாழும் ஒருவர் பேரிடர் நேரத்தில் மருத்துவமனைக்குப் போனால், அவரும் மற்ற நோயாளிகளோடு சேர்த்து மதிப்பிடப்படுவார். மதிப்பெண் குறைந்தால் அவருடைய இயந்திரமே இன்னொருவருக்குப் போகலாம்.

ஆலிஸ் அப்போது வென்டிலேட்டரோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தார். 2020 ஏப்ரலில் வாக்ஸ் இணைய இதழில் நேரடியாகவே எழுதினார்: வாழ்வதற்கு வென்டிலேட்டர் வேண்டிய நான் தள்ளிவிடத் தக்கவளா? அவர் வாதத்தை என் வார்த்தையில் சொன்னால் இப்படி இருக்கும்: ஒரு மருத்துவர் என் கோப்பைப் படிக்கும்போது அவருக்குத் தெரிவது என் நோய்களின் பட்டியல் மட்டும்தான். என் சிநேகிதர்கள் தெரியமாட்டார்கள். நான் முடிக்க வேண்டிய புத்தகம் தெரியாது. 'தரமான வாழ்க்கை' என்று அவர் மனதில் ஒரு படம் இருக்கும், அந்தப் படத்தில் நான் இருக்க மாட்டேன்.

இதைப் படிக்கும்போது என்னால் அமெரிக்காவில் நிற்க முடியவில்லை. தம்பிக்குக் கடைசியாக மூச்சுத் திணறல் வந்தபோது ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த மருத்துவர் அவனைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வியாதிக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெருசும்மா" என்றார். கெட்ட மனிதர் கிடையாது. ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிடத்துக்குப் பிறகு அந்த வார்டில் எல்லோருடைய நடையும் மெதுவானது. எங்கள் நடையும் சேர்த்துத்தான். இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துக்க வீட்டில் சொன்ன வாக்கியத்தை நான் மருத்துவமனை வராந்தாவிலேயே மனதுக்குள் சொல்லி முடித்திருந்தேன் என்று இப்போது புரிகிறது.

'விடுதலை' என்ற சொல் இறந்த பிறகு சொல்லும் ஆறுதல் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது முன்னாலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

5

இப்படிப்பட்ட கேள்வி வாழ்நாள் முழுக்கத் தன் மேல் வீசப்படும்போது ஒருத்தர் என்ன செய்யலாம்? 'என் வாழ்க்கை மதிப்புள்ளதுதான்' என்று தன் கட்சியைத் தானே வாதாடலாம். ஆலிஸும் வாதாடினார். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. தனக்குக் கிடைத்த மேடையில் மற்றவர்களை ஏற்றிவிட்டார்.

2014இல் ஸ்டோரிகார்ப்ஸ் என்ற வாய்மொழி வரலாற்று அமைப்போடு சேர்ந்து ஒரு சின்ன முயற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் 1990இல் வந்தது. அதன் 25ஆம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர்கள் பேசுவார்கள், விழா நடக்கும். சாதாரண ஆட்களின் கதையை யார் பதிவு செய்வார்கள்? இருவர் இருவராக வந்து ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துக்கொள்ளட்டும், அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆவணத்தில் சேரட்டும் என்பதுதான் திட்டம். ஒரு வருடத்துக்கென்று தொடங்கியது அவர் சாகும்வரை நடந்தது. இணையதளம், பாட்காஸ்ட், புத்தகங்கள் என்று வளர்ந்தது. 2015இல் அந்த விழாவுக்கு வெள்ளை மாளிகை அழைத்தபோது அவர் விமானம் ஏறவில்லை. திரையும் சக்கரமும் உள்ள ஒரு ரோபோ வழியாக, வீட்டிலிருந்தபடி அதிபர் ஒபாமாவைச் சந்தித்தார்.

2016 தேர்தலின்போது ஆண்ட்ரூ புல்ராங், கிரெக் பெராட்டன் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஹேஷ்டேக் தொடங்கினார்: கிரிப் த வோட். 'கிரிப்' என்பது ஏறக்குறைய நம் 'நொண்டி' மாதிரி. வசையாக இருந்ததை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். 2018இல் 'ரெசிஸ்டன்ஸ் அண்ட் ஹோப்' என்ற கட்டுரைத் தொகுப்பை மின்னூலாகத் தானே வெளியிட்டார். பெரிய பதிப்பகத்தின் வாசலில் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 2020இல் விண்டேஜ் பதிப்பகத்தின் வழியாக 37 பேரின் தொகுப்பு வந்தது. 2022இல் அவருடைய சொந்த வாழ்க்கைக் குறிப்பு 'இயர் ஆஃப் த டைகர்', 2024இல் காதலும் நெருக்கமும் பற்றிய 'டிஸெபிலிட்டி இன்டிமசி'. அதே வருடம் மெக்ஆர்தர் நல்கையும் கிடைத்தது.

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் தொட்டது ஒரு சின்ன விஷயம். அந்த 37 பேரின் தொகுப்புக்கு எளிய மொழியில் ஒரு சுருக்கம் செய்ய வைத்தார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் அதைப் படிக்கணும் என்பதற்காக. பாட்காஸ்ட்டின் 100 பகுதிகளுக்கும் எழுத்து வடிவம் உண்டு, காது கேளாதவர்களுக்காக. தான் நிற்கும் வரிசையில் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அது. கடைசி வருடங்களில் ஜேன் ஷி, இலங்கை வேர் கொண்ட எழுத்தாளர் லியா லக்ஷ்மி பியெப்ஸ்னா-சமரசின்ஹ ஆகியோரோடு சேர்ந்து காஸா மக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்க இ-சிம் வாங்கிக் கொடுக்க நிதி திரட்டினார். மின்சாரம் போனால் தன் மூச்சு நிற்கும் என்று தெரிந்தவருக்கு, தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

பதிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். பதிப்பாளர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. எழுதுகிறவர், மெய்ப்புப் பார்ப்பவர், வடிவமைப்பவர், அச்சகம், கடை, கடைசியாக வாசகர் என்று எல்லாரையும் சார்ந்துதான் ஒரு புத்தகம் வருகிறது. அதை யாரும் அவமானம் என்று சொல்வதில்லை. ஒரு டம்ளரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால் மட்டும் 'பாவம், எல்லாத்துக்கும் அடுத்தவங்கதான்' என்கிறோம். சார்ந்திருப்பது கேவலம் என்ற எண்ணம் சில உடம்புகளிடம் மட்டும் ஏன் போய் ஒட்டிக்கொள்கிறது?

2018இல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடைகள் வந்தபோது ஆலிஸ் இதைத்தான் எழுதினார். கிளாஸைத் தூக்க முடியாத ஒருவருக்கு ஸ்ட்ரா ஆடம்பரம் இல்லை, தண்ணீர். கடல் ஆமைக்காகக் கவலைப்படுபவர்கள் எதிரி ஆகமாட்டார்கள், ஆனால் முடிவெடுக்கும் மேசையில் இவரைப் போல ஒருத்தர்கூட இருக்கவில்லை. எல்லோருக்கும் வசதிகள் உண்டு. படிக்கட்டு ஒரு வசதி, நாற்காலி ஒரு வசதி, மின்விளக்கு ஒரு வசதி. பெரும்பான்மைக்கு வேண்டியதை 'இயல்பு' என்கிறோம், மற்றவருக்கு வேண்டியதை 'சலுகை' என்கிறோம்.

6

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழப்பார்த்தேன்.

ஆலிஸ் வாங் இத்தனை புத்தகம் போட்டார், விருது வாங்கினார், ஆகவே அவர் வாழ்க்கை மதிப்புள்ளது. இப்படிச் சொல்லிவிட்டால் என் தம்பியை எங்கே வைப்பது? அவன் ஒன்றும் எழுதவில்லை. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கிரிக்கெட் பார்த்தான், எல்லோரோடும் சண்டை போட்டான், சித்தப்பாவின் பழைய ரேடியோவை ஆள் வைத்துக் கழற்றிப் பார்த்து வீணாக்கினான். சாதனை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நம் மரபில் இரண்டு அளவுகோல்களும் இருக்கின்றன. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறம் பொருள் இன்பத்தைப் பற்றிச் சொல்ல வருகிறார். அதற்கு முன்னால் குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறப்புகளை அடுக்கி, பிறந்தும் பயனில்லாதவை என்று ஒதுக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இதற்கு நேர் எதிராக ஒரு குறள் உண்டு. அதில் வரும் பொறியின்மையைப் பரிமேலழகர் நல்விதி இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறார். இன்று பலர் உடல் உறுப்பின் குறை என்று படிக்கிறார்கள். அது பழி ஆகாது, முயற்சி இல்லாததுதான் பழி என்பது கருத்து. கேட்க ஆறுதலாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நிகழ்ச்சிகளில் மேற்கோள் காட்டத் தோதானதும்கூட.

ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் அளவுகோல் உடம்பைப் பார்த்துத் தள்ளுகிறது. இரண்டாவது, 'சரி, உடம்பை மன்னிச்சிட்டோம், என்ன சாதிச்சே காட்டு' என்கிறது. நடக்க முடிகிற என் சித்தப்பா 30 வருடம் ஒரே அலுவலகத்தில் கோப்புத் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. அவர் மகன் மட்டும் உயிரோடு இருந்ததற்கு ஏதாவது சாதித்துக் காட்டியிருக்க வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், அவரும் பிறவியிலேயே எலும்பு நோய் உள்ளவர், 2014இல் ஒரு புகழ்பெற்ற உரையில் இதைத்தான் கிண்டலடித்தார். காலையில் எழுந்து தன் பெயரை ஞாபகம் வைத்திருந்ததற்கே தன்னைப் பாராட்டுகிறார்கள், நான் உங்களுக்கு உத்வேகம் கொடுக்கப் பிறக்கவில்லை என்று.

வலியை மறைக்கவும் நான் விரும்பவில்லை. 2022இல் ஆலிஸ் பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். பேச்சு போனது. சாப்பாட்டுப் பிரியரான அவரால் அதன் பிறகு வாயால் சாப்பிடவும் முடியவில்லை. தட்டச்சு செய்து, கணினிக் குரலில் பேசினார். அதைப் பற்றிக் கோபத்தோடும் பயத்தோடும்தான் எழுதினார். அது ஒரு துன்பம், அது நோயிலிருந்து வந்தது. இன்னொன்றும் இருந்தது. வீட்டில் 24 மணி நேரமும் ஆள் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டும். அரசு உதவி போதவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் நிதி கேட்டார். கிடைக்காவிட்டால் வீட்டை விட்டுப் பராமரிப்பு விடுதிக்குப் போக வேண்டியிருந்திருக்கும். இது நோயிலிருந்து வரவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கஷ்டம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆலிஸைப் படித்து நான் கற்றுக்கொண்டது அந்த மூட்டையைப் பிரிக்கத்தான்.

தம்பியின் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். மூச்சுத் திணறல் நோயுடையது. வளைந்த முதுகு நோயுடையது. எட்டாம் வகுப்பை மாடிக்கு மாற்றிய பள்ளி நோயுடையது இல்லை. படி வைத்த பேருந்து நோயுடையது இல்லை. அப்புறம் என் அக்கா கல்யாணம். மண்டபம் பிடித்தது நான். வாடகை குறைவு, நல்ல மண்டபம். மேடை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. முகூர்த்தம் முடியும்வரை அவன் கீழே சாப்பாட்டுக்கூடத்தில் தனியாக இருந்தான். தூக்கிக்கொண்டு போகலாம் என்றதற்கு, "வேணாம்ணே, பட்டு வேட்டியோட எதுக்கு? நான் இங்கயே பந்தியப் பாத்துக்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். எவ்வளவு பக்குவம் பார் என்று யாரோ சொன்னார்கள்.

அவன் எதிலிருந்து விடுதலையானான் என்று இப்போது கேட்டுக்கொண்டால், பட்டியலில் பாதி இடம் எங்களுடையது.

சித்தியிடம் ஒருமுறை தயங்கித் தயங்கி இதைப் பேச்செடுத்தேன். அவன் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "எனக்கு என்னடா விடுதலை? ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னமும் முழிப்பு வந்துருது. திருப்பிப் போட ஆளில்ல."

ஆலிஸ் இறந்த பிறகு அவர் முன்பே எழுதிவைத்த ஒரு செய்தியை நண்பர் வெளியிட்டார். இவ்வளவு வயது வாழ்வேன், எழுத்தாளராக, தொகுப்பாசிரியராக ஆவேன் என்று தான் நினைத்ததே இல்லை என்று அதில் சொல்லியிருந்தார். பதினெட்டோடு முடியும் என்று சொல்லப்பட்ட வாழ்க்கை அது. மருத்துவரின் கணிப்பு பொய்த்தது அதிசயம் என்று எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் வாங்கிய உதவியாளர்களும், மின்சாரமும், சட்டமும், நண்பர்களும் சேர்ந்து அந்தக் கணிப்பைத் தினம் தினம் பொய்யாக்கினார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கம். முதலாவதில் நமக்கு வேலை எதுவும் இல்லை என்பதால் அது சுகமாக இருக்கிறது.

துக்க வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொன்னதற்குச் சித்தியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டுரையில் கேட்பது சுலபம், அவளுக்கு இணைய இதழ் படிக்கும் பழக்கம் கிடையாது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.